எட்டடி உயரம் எதற்கு?

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் செய்து உயிர் கொடுத்த உருவத்தின் உயரம் எட்டடி. ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்டால், சினிமா வழியாக மட்டும் கதை தெரிந்தவர்கள் பயமுறுத்தத்தான் என்பார்கள். நாவலின் 4ஆம் அத்தியாயத்தில் விக்டரே காரணத்தைச் சொல்லிவிடுகிறான். சாதாரண மனித அளவில் செய்வதுதான் முதல் திட்டம். உறுப்புகள் பொடிப்பொடியாக இருந்ததால் வேலை நகரவில்லை. அதனால் எல்லாவற்றையும் பெரிதாக்கி, உயரம் எட்டடி, மற்றவை அதற்கேற்ற அளவில் என்று மாற்றிக்கொண்டான். சீக்கிரம் முடிக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். பிறகு அந்த உயிர் ஒரு கிராமத்துக்குள் நுழைகிறது. குழந்தைகள் அலறுகின்றன, ஒரு பெண் மயங்கி விழுகிறாள், ஊர் திரண்டு கல்லெறிகிறது. அவசரப்பட்டவன் ஒருவன், கல்லடி பட்டது இன்னொருவன்.

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேதிக்காக டிசைனை மாற்றுவதும், அதன் வலியைப் பயன்படுத்துபவர் தலையில் கட்டுவதும் இந்த ஊரில் தினசரி நடப்பவை. இருந்தும் இதே ஆட்கள் வாசகர் வட்டத்தில் உட்கார்ந்து இந்த நாவலைப் பேசும்போது, அளவுக்கு மிஞ்சினால் அறிவும் நஞ்சு என்று ஒரே வரியில் கடையைக் கட்டிவிடுகிறார்கள். பேய்க்கு ஆன்மாவை விற்ற டாக்டர் ஃபாஸ்டஸுக்கும் அதே வரிதான், மருந்து குடித்து வேறு ஆளாக மாறிய டாக்டர் ஜெகிலுக்கும் அதே வரிதான். அந்த வரியைச் சொல்ல புத்தகத்தைப் படித்திருக்கவே வேண்டாம்.

என் கட்சி வேறு. பேராசையையும் அறிவுத்தேடலையும் பற்றி எச்சரிப்பவை என்று நாம் ஒரே அலமாரியில் அடுக்கி வைக்கும் நூல்களில், அறிந்துகொண்டதால் கெட்டவர்கள் மிகக் குறைவு. பாதியில் படிப்பதை நிறுத்தியவர்கள், தெரிந்ததை ஒளித்தவர்கள், கேள்வி கேட்கக்கூடிய ஆளைத் தள்ளி வைத்தவர்கள்தான் பெரும்பாலும் கெடுகிறார்கள். எந்தப் பக்கத்தில் என்று விரல் வைத்துக் காட்டவும் முடியும். ப்ரொடக்‌ஷனில் (மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் மென்பொருளில்) ஒன்று விழுந்தால் இங்கே என்ன செய்வார்கள்? யார் கெட்டவன் என்று தேடுவதற்கு முன்னால் டைம்லைன் போடுவார்கள். எத்தனை மணிக்கு எது மாறியது, யாருக்குத் தெரியும், யாருக்குச் சொல்லப்படவில்லை. இந்த நூல்களையும் அப்படி வாசிக்கலாம்.

கையில் ஒரு பென்சில் போதும். மூன்று இடங்களில் கோடு போட வேண்டும். ஆசை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லப்படும் வாக்கியம் ஒன்று. முதல் மறைப்பு நடக்கும் இடம் இன்னொன்று. யாரோ ஒருவர் "என்ன செய்கிறாய்?" என்று கேட்டு, பதில் கிடைக்காமல் போகும் இடம் மூன்றாவது. முதல் கோடு எல்லோருக்கும் சுலபமாகக் கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் கண் பழக வேண்டும், ஏனென்றால் கதை சொல்பவனே பெரும்பாலும் அவற்றைச் சட்டென்று கடந்து போய்விடுகிறான்.

ஃபிராங்கன்ஸ்டைனில் போட்டுப் பார்ப்போம். 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயர் இல்லாமல், மூன்று பாகங்களாக, 500 பிரதி அச்சான நாவல் இது. மேரி ஷெல்லி 1831இல் திருத்திய பதிப்புதான் இன்று அதிகம் கிடைப்பது. தமிழில் புதுமைப்பித்தன் இதைப் 'பிரேத மனிதன்' என்று தந்தார். இங்கே நான் சொல்லும் அத்தியாய எண்கள் 1831 பதிப்புக்கானவை. 1818இல் ஒவ்வொரு பாகத்திலும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். ஒரே மேசையில் இரண்டு பதிப்பும் கலந்தால் முதல் அரைமணி நேரம் பக்கம் தேடுவதிலேயே போய்விடும். இரண்டும் புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசம், ஆகவே கூடுவதற்கு முன்பே எது என்று முடிவு செய்துவிடுங்கள்.

விக்டர் இங்கோல்ஸ்டாட்டில் படிக்கிறான். உயிரின் மூலத்தைக் கண்டுபிடிக்கிறான். ஊரில் வால்ட்மன் என்ற அன்பான பேராசிரியர் இருக்கிறார்; கிரெம்ப் என்ற கடுகடுப்பானவரும் இருக்கிறார். இருவரிடமும் சொல்லவில்லை. இத்தனை பேர் தேடியதில் எனக்கு மட்டும் கிடைத்ததே என்ற வியப்புதான் முன்னால் நிற்கிறது. முதல் மறைப்பு இங்கேயே தொடங்கிவிட்டது, தையல் வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே. பிறகு கிட்டத்தட்ட இரண்டு வருடம் வேலை. பொருள்கள் பிணவறையிலிருந்தும் கசாப்புக்கூடத்திலிருந்தும் வருகின்றன. வீட்டுக்குக் கடிதம் எழுதுவதில்லை. கடிதம் நின்றால் மற்றக் கடமைகளும் நின்றுவிட்டன என்றுதான் எடுத்துக்கொள்வேன் என்று அப்பா முன்பே சொல்லி அனுப்பியிருந்தது அவனுக்கு நினைவுக்கு வருகிறது. நினைவுக்கு வந்தும் எழுதவில்லை. மூன்றாவது கோடு இங்கே.

5ஆம் அத்தியாயம், நவம்பர் மாத இரவு, உருவம் கண் திறக்கிறது. இடியும் இல்லை மின்னலும் இல்லை, கூன் விழுந்த உதவியாளனும் இல்லை. அவையெல்லாம் பின்னால் சினிமா சேர்த்துக்கொண்டவை. வாடகை அறை, மழை, எரிந்து முடியப்போகும் மெழுகுவர்த்தி. விக்டர் அறையை விட்டு ஓடிப் போய்ப் படுத்துத் தூங்குகிறான். விழித்ததும் மறுபடி ஓடுகிறான். இரண்டு வருட உழைப்பில் 'உயிர் வந்த பிறகு என்ன' என்பதற்கு ஒரு வரிகூட யோசிக்கப்படவில்லை என்பது இந்த ஓட்டத்தில்தான் தெரிகிறது. மறுநாள் காலையிலேயே உயிர் நண்பன் கிளெர்வல் ஊரில் வந்து இறங்குகிறான். காய்ச்சலில் விழுந்த விக்டரை மாதக்கணக்கில் பார்த்துக்கொள்கிறான். அவனிடமும் சொல்லவில்லை.

குட்டித் தம்பி வில்லியம் கொல்லப்படுகிறான். பழி வேலைக்காரப் பெண் ஜஸ்டின் மேல் விழுகிறது. கொன்றது யார் என்று விக்டருக்குத் தெரியும். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொள்கிறான். ஜஸ்டின் தூக்கில் ஏறுகிறாள். 8ஆம் அத்தியாயம் அது. முழுக் கதையையும் அவன் ஓர் அதிகாரியிடம் முதன்முதலாகச் சொல்வது 23ஆம் அத்தியாயத்தில்தான். அதற்குள் வில்லியம், ஜஸ்டின், கிளெர்வல், எலிசபெத், அப்பா என்று ஐந்து பேர் போயாயிற்று. 8ஐயும் 23ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர் 'அறிவின் ஆபத்து' என்று அதன்பின் சொல்லத் தயங்குவார்.

எல்லாவற்றையும் விட எனக்கு உறைக்கும் இடம் 15ஆம் அத்தியாயம். உருவம் பிறப்பதற்கு முந்தைய நான்கு மாத வேலைக் குறிப்பை விக்டர் எழுதியே வைத்திருந்தான். அது, உருவம் எடுத்துப் போட்டுக்கொண்டு போன உடுப்பின் பையில் கிடக்கிறது. அதைப் படித்த ஒரே வாசகன் அந்த உருவம்தான். டாக்குமென்டேஷன் இருந்தது, போக வேண்டிய ஒருவருக்கும் போகவில்லை.

என் கட்சிக்கு எதிரான சாட்சியும் இதே நாவலில் உண்டு, அதை மறைக்கக் கூடாது. உருவம் ஒரு குடிசையின் சுவர் ஓட்டை வழியே பார்த்துப் பார்த்துப் பேசவும் படிக்கவும் கற்றுக்கொள்கிறது. மில்டனும் புளூட்டார்க்கும் கதேயின் வெர்தரும் அதன் கையில் கிடைக்கின்றன. உலகத்தைப் பற்றித் தெரியத் தெரியத் துயரம்தான் கூடுகிறது. பாறையில் ஒட்டிய பாசியைப் போல அறிவு மனத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறதே என்று அது புலம்புகிறது. அறிந்ததாலேயே அடிபட்ட பாத்திரம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குக்கூட முதலில் வேண்டியிருந்தது, படித்ததைப் பற்றிப் பேச ஓர் ஆள்.

இறுதியில் பனிக்கடலில் சாகக் கிடக்கும் விக்டர், அமைதியில் மகிழ்ச்சியைத் தேடு, பேராசையைத் தவிர் என்று கப்பல்காரன் வால்டனுக்கு உபதேசம் செய்கிறான். மேற்கோள் தொகுப்புகளில் இந்த வரியோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த மூச்சிலேயே அவன் சொல்வது: இதை எதற்குச் சொல்கிறேன், எனக்குக் கைகூடாமல் போனது இன்னொருவனுக்குக் கைகூடலாமே! கொஞ்சம் முன்னால்தான், ஊர் திரும்பக் கேட்ட மாலுமிகளைப் பார்த்துக் கோழைகளாகாதீர்கள் என்று முழங்கினான். அவன் பாடம் எதையும் கற்கவில்லை. கப்பலைத் திருப்பியவன் வால்டன். அவனுக்கு அக்காவுக்குக் கடிதம் எழுதும் பழக்கம் இருந்தது, மாலுமிகள் சொல்வதைக் கேட்கும் காதும் இருந்தது.

நம் பக்கத்திலும் இப்படி ஓர் 'உருவம் செய்த கதை' இருக்கிறது, வயதில் மிக மூத்தது. பஞ்சதந்திரத்தில் நான்கு நண்பர்கள் காட்டு வழியே போகிறார்கள். மூவர் படித்தவர்கள், ஒருவன் படிக்காதவன். செத்த சிங்கத்தின் எலும்பு கிடக்கிறது. ஒருவன் எலும்பைக் கூட்டிப் பொருத்துகிறான், இன்னொருவன் தசையும் தோலும் இரத்தமும் சேர்க்கிறான், மூன்றாமவன் உயிர் கொடுக்கப் போகிறான். படிக்காதவன் தடுத்துப் பார்க்கிறான். கேட்கவில்லை. அப்படியானால் நான் மரத்தில் ஏறும் வரை பொறுங்கள் என்று ஏறிக்கொள்கிறான். மிச்சத்தைச் சிங்கம் பார்த்துக்கொள்கிறது.

பஞ்சதந்திரம் இதைப் படிப்புக்கும் புத்திக்கும் இடையிலான வழக்காக முடித்துவிடும். வேதாளக் கதைகளில் இதே கதை இன்னும் கூர்மையாகிறது. அங்கே நான்கு பேரும் வித்தை கற்ற சகோதரர்கள், மரத்தில் ஏற ஆளே இல்லை. நால்வரும் சாகிறார்கள். வேதாளம் ராஜாவிடம் கேட்கிறது: குற்றம் யாருடையது? உயிர் கொடுத்தவனுடையது என்கிறான் ராஜா. எலும்பைப் பொருத்தியவனுக்கும் தசை வைத்தவனுக்கும் என்ன மிருகம் என்று தெரியாது. கடைசி ஆளுக்கு முன்னால் சிங்கம் முழுசாகக் கிடந்தது, பார்த்துக்கொண்டேதான் செய்தான்.

இந்தத் தீர்ப்பை பெங்களூருவில் எந்தக் கூட்டத்தில் எடுத்தாலும் சண்டை வரும், வர வேண்டும். நான் என் மாட்யூலை மட்டும்தான் செய்தேன் என்பவரை ராஜா விடுவித்துவிடுகிறார். ரிலீஸ் பட்டனை அழுத்தியவரைப் பிடித்துக்கொள்கிறார். எனக்கு இது முழுக்க ஒப்பவில்லை. எலும்பைச் சரியாகப் பொருத்தத் தெரிந்தவனுக்குப் பல்லைப் பார்த்தால் மிருகம் தெரியாதா? கேட்காமல் இருப்பதும் ஒரு வேலைதான். ஆனாலும் குற்றத்தை 'அறிவு' என்ற பொதுப்பெயர் மேல் போடாமல் குறிப்பிட்ட ஒரு கட்டத்தில், குறிப்பிட்ட ஓர் ஆள் மேல் வைக்கும் அந்த ராஜாவின் முறை, பல விமர்சனக் கட்டுரைகளை விட நேர்மையானது.

இனி டாக்டர் ஃபாஸ்டஸ். கிறிஸ்டோஃபர் மார்லோ 1593இல் இறந்தார்; நாடகம் அச்சில் வந்தது 1604இல் ஒரு வடிவம், 1616இல் இன்னொரு வடிவம். முதலாவது சுமார் 1,500 வரி, இரண்டாவது சுமார் 2,100. கூடுதலான பகுதியில் பெரும்பாலும் கோமாளித்தனமும் போப்பாண்டவர் மாளிகைக் கூத்தும். வாய்விட்டு வாசிக்க 1604 வடிவம் போதும். பேர் பிரித்துக்கொண்டு படித்தால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

முதல் காட்சியை மட்டும் மெதுவாகப் படிக்க வேண்டும். ஃபாஸ்டஸ் தன் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு படிப்பாகத் தள்ளிவிடுகிறான். தர்க்கம் போதாது, வைத்தியம் செத்தவனை எழுப்பாது, சட்டம் கூலிக்காரன் வேலை. கடைசியில் வேதாகமத்தை எடுக்கிறான். ரோமர் 6:23இல் "பாவத்தின் சம்பளம் மரணம்" என்று படித்துவிட்டு நிறுத்துகிறான். அதே வசனத்தின் மறுபாதி நித்திய ஜீவனைப் பற்றிப் பேசுகிறது. அதை அவன் படிப்பதில்லை. பிறகு 1 யோவான் 1:8, நமக்குப் பாவமில்லை என்றால் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம் என்ற வசனம். 9ஆம் வசனம் மன்னிப்பைப் பற்றியது. அதையும் படிப்பதில்லை. நடப்பது நடக்கட்டும் என்று புத்தகத்தை மூடுகிறான். விட்டன்பெர்க்கின் பெரிய பண்டிதன் அரை அரை வசனமாகப் படித்து முடிவெடுக்கிறான்! பார்வையாளர்களில் வேதம் தெரிந்தவர்கள் அப்போதே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அறிவு மிகுந்தவன் கதை என்று பேர் வாங்கிய நாடகம், ஒருவன் படிக்காமல் விட்ட இரண்டு வரிகளில் தொடங்குகிறது. வாசிப்புக் கூட்டத்துக்கு ஒரு தமிழ் வேதாகமத்தையும் கொண்டுபோய் அந்த வசனங்களை முழுசாக உரக்கப் படியுங்கள். வேறு விளக்கவுரை தேவைப்படாது.

ஆன்மாவைப் பேய்க்கு விற்கும் ஒப்பந்தம் 24 வருடத்துக்கு. கையெழுத்திடும்போது இரத்தம் உறைந்து போகிறது. மெஃபிஸ்டோஃபிலிஸ் என்ற பேய் நெருப்புச்சட்டி கொண்டுவந்து உருக்குகிறான். கையில் 'மனிதா, ஓடு' என்று லத்தீனில் எழுத்து தோன்றுகிறது. இதெல்லாம் அலங்காரம். கணக்குப் பார்க்க வேண்டியது, விலை கொடுத்த பிறகு என்ன கிடைத்தது என்பதை. கோள்களைப் பற்றிக் கேட்கிறான். வரும் பதிலைக் கேட்டு, இதை என் வேலைக்காரன் வாக்னரே சொல்வானே என்கிறான். உலகத்தைப் படைத்தது யார் என்று கேட்கிறான். பேய் சொல்ல மறுக்கிறது. ஆன்மாவை விற்று வாங்கிய அறிவு இவ்வளவுதான். மிச்ச வருடங்கள் போப்பின் விருந்தில் தட்டைப் பிடுங்குவதிலும், ஒரு பிரபுவின் தலையில் கொம்பு முளைக்க வைப்பதிலும், வைக்கோலாக மாறும் குதிரையை 40 டாலருக்கு விற்று ஏமாற்றுவதிலும், ஜனவரியில் கர்ப்பிணிச் சீமாட்டிக்குத் திராட்சை வரவழைத்துக் கொடுப்பதிலும் கரைகின்றன. நடுப்பகுதி சப்பென்று இருக்கிறது, வேறு யாரோ எழுதிச் சேர்த்தது என்று குறைபட்டுக்கொள்பவர்கள் உண்டு. சேர்த்தவர் யாராக இருந்தாலும் சரி, அந்தச் சப்பென்ற தன்மைதான் ஒப்பந்தத்தின் உண்மையான விலை என்று நான் வாசிக்கிறேன். உலகையே ஆளப் புறப்பட்டவன் அரண்மனை விருந்துகளில் வித்தை காட்டும் ஆளாகச் சுருங்கிப் போகிறான்.

கடைசி இரவில் மாணவர்கள் கேட்கும் கேள்விதான் மூன்றாவது கோடு. முன்பே சொல்லியிருக்கக் கூடாதா, போதகர்களை வைத்து உங்களுக்காக ஜெபித்திருப்போமே? சொன்னால் கிழித்துப்போடுவேன் என்று பேய் மிரட்டியது என்கிறான் ஃபாஸ்டஸ். 24 வருடம் பேசாமல் இருந்துவிட்டு, என் புத்தகங்களை எரித்துவிடுகிறேன் என்று அலறிக்கொண்டே போகிறான். புத்தகம் என்ன பாவம் செய்தது?

ஜெகிலைச் சுருக்கமாகப் பார்க்கலாம், ஆனால் மருந்துக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். 1886இல் வந்த ஸ்டீவன்சனின் குறுநாவல், பத்துப் பகுதி, ஒரே நாளில் படிக்கலாம். 9ஆம் பகுதியில் செய்முறை இருக்கிறது. சிவப்புத் திரவம் சில துளி அளந்து, அதில் ஒரு பொட்டலம் வெள்ளை உப்பு. படிகம் கரையக் கரைய நிறம் பளிச்சென்று ஏறி, நுரைத்து, புகைவிட்டு, சட்டென்று அடங்கிக் கரும் ஊதாவாகி, மெல்ல வெளிறிய பச்சையாகிறது. 10ஆம் பகுதியில் அது வேலை செய்வதை நிறுத்துகிறது. புது உப்பு வாங்கிக் கலக்கிறான். முதல் நிறமாற்றம் வருகிறது, இரண்டாவது வரவில்லை. லண்டன் மருந்துக் கடைகளையெல்லாம் சலித்தாகிவிட்டது. புது உப்பு அசுத்தம் என்றே நினைத்திருந்தவனுக்குக் கடைசியில்தான் புரிகிறது: அசுத்தமாக இருந்தது முதலில் வாங்கிய உப்பு. இன்னதென்று தெரியாத ஏதோ ஒரு கலப்படம்தான் வேலை செய்திருக்கிறது. தான் கண்டுபிடித்தது என்ன என்பதே அவனுக்குத் தெரியாது! திரும்பச் செய்து பார்க்கக்கூடிய சக வைத்தியர் லான்யனோடு பத்து வருடம் முன்பே முறைத்துக்கொண்டாயிற்று. சரக்கு வந்த லாட்டைச் சோதிக்காத ஆய்வகம் என்று பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர் யாரையாவது கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்.

இவையெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நம் மரபில் கல்வி என்றாலே ஏற்றம்தான் என்று யாராவது ஆரம்பித்தால், மகாபாரத வன பருவத்தின் யவக்ரீதனைக் காட்டுங்கள். ராஜாஜி இந்தக் கதையைத் தமிழில் எளிமையாகச் சொல்லியிருக்கிறார். குருவிடம் போய்ப் படிக்காமல் தவத்தாலேயே வேதங்கள் வந்துவிட வேண்டும் என்று யவக்ரீதன் உடம்பை வதைத்துக்கொள்கிறான். இந்திரன் கிழட்டு அந்தணனாக வந்து, கங்கையில் பிடி பிடியாக மணலைப் போட்டுக்கொண்டிருக்கிறான். என்ன இது என்றால், அணை கட்டுகிறேன் என்கிறான். யவக்ரீதன் சிரிக்கிறான். நீ செய்வதும் இதுதானே என்கிறான் இந்திரன். உவமை புரிகிறது, பிடிவாதம் போகவில்லை, வரம் கிடைத்துவிடுகிறது. கிடைத்ததும் செருக்கு, ரைப்யர் என்ற முனிவரின் மருமகளிடம் தகாத முறையில் நடக்கிறான், ரைப்யர் ஏவிய அரக்கன் துரத்தித் துரத்திக் கொல்கிறான். கதையின் முடிவில் உயிர் மீண்டவன் தேவர்களைக் கேட்கிறான்: நானும் வேதம் அறிந்தவன்தானே, அவரால் என்னை எப்படிக் கொல்ல முடிந்தது? பதில்: அவர் குருவிடம் பாடுபட்டுக் கற்றார், நீ அப்படிக் கற்கவில்லை.

பெங்களூருவில் வாழ்ந்து 2019இல் இங்கேயே மறைந்த கிரீஷ் கார்னாட், கல்லூரி நாளில் ராஜாஜியின் பாரதச் சுருக்கத்தில்தான் இந்தக் கதையை முதலில் படித்தார். அதிலிருந்து பிறந்தது அவருடைய 'அக்னி மத்து மளெ' நாடகம். மூலத்தில் யவக்ரீதனைக் காக்கும் நீர் இருந்த கமண்டலத்தைப் பறிப்பது மாயப்பெண். கார்னாட் அந்த வேலையை ரைப்யரின் மருமகள் விசாகாவின் கையில் கொடுக்கிறார். அவன் தன்னைப் பகடையாக ஆடியிருக்கிறான் என்று தெரிந்ததும் அவளே மந்திர நீரைக் கொட்டிவிடுகிறாள். ஒருவனுடைய பத்து வருடத் தவத்தின் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்ற கேள்வி அப்போதுதான் மேடைக்கு வருகிறது. கன்னடம் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது எல்லாத் தமிழ் வட்டத்திலும் இந்த ஊரில் இருப்பார். அவரை வைத்து அந்தக் காட்சியை மட்டும் கன்னடத்திலேயே வாசிக்கச் சொல்லுங்கள்.

கர்ணனையும் கசனையும் இதோடு சேர்த்துப் பேசலாம். கர்ணன் அந்தணன் என்று பொய் சொல்லிப் பரசுராமரிடம் பிரம்மாஸ்திரம் கற்றான்; வண்டு தொடையைத் துளைத்தபோது பொய் வெளிப்பட்டது; வேண்டிய நேரத்தில் மறந்து போகும் என்று சாபம். கசன் எதிரி முகாமுக்குப் போய் செத்தவரை எழுப்பும் வித்தை கற்க சுக்கிராச்சாரியாரிடம் மாணவனாகச் சேர்ந்தான், யார் மகன் என்பதை மறைக்காமல். மூன்று முறை கொல்லப்பட்டும் வித்தையோடு ஊர் திரும்பினான். குருவின் மகள் தேவயானி சபித்தபோதுகூட, எனக்குப் பலிக்காவிட்டால் நான் சொல்லிக்கொடுப்பவனுக்குப் பலிக்கும் என்று அவனால் சொல்ல முடிந்தது. வித்தையை அடுத்தவருக்குக் கொடுக்க வழி வைத்தவனைச் சாபம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

ஃபாஸ்டஸ் கதையையே எடுத்துக்கொண்ட கதேயின் ஃபவுஸ்ட்டை முழுசாக எடுக்காதீர்கள், கூட்டம் கலைந்துவிடும். 1832இல் வந்த இரண்டாம் பாகத்தின் 5ஆம் அங்கம் மட்டும் போதும். கடலைத் தள்ளி நிலம் எடுக்கும் பெரிய திட்டம். நடுவில் ஃபிலமோன், பாவ்கிஸ் என்ற கிழத் தம்பதியின் குடிசையும் சில மரங்களும் கண்ணை உறுத்துகின்றன. அவர்களை வேறிடம் மாற்றச் சொல்கிறான் ஃபவுஸ்ட்; போன ஆட்கள் குடிசையோடு எரித்துவிட்டு வருகிறார்கள். மாற்றத்தான் சொன்னேன், கொள்ளையடிக்கச் சொல்லவில்லை என்கிறான். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமாகவும், சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியமாகவும் ஆன ஊரில் இதற்கு அடிக்குறிப்பு எதற்கு?

அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவி, 2009 ஆகஸ்டில்தான் திரை விலக்க முடிந்த சிலைக்குரியவர் இதைப் பற்றி என்ன சொல்கிறார் என்ற கேள்வி எப்படியும் வரும். உடனே 476ஆம் குறளை எடுப்பார்கள்: "நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந் தூக்கின் உயிர்க்கிறுதி ஆகி விடும்." அதோடு நிறுத்தினால் ஃபாஸ்டஸ் வேதாகமம் படித்த மாதிரிதான். 596ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும்: "உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல் மற்றது தள்ளினுந் தள்ளாமை நீர்த்து." முதலாவது வலியறிதல் அதிகாரத்தில் இருக்கிறது, இரண்டாவது ஊக்கமுடைமையில். மரம் ஏறாதே என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. கிளை எதுவரை தாங்கும் என்று பார்க்கச் சொல்லப்படுகிறது.

கூட்டமாக வாசிப்பதானால் வரிசை இப்படி வைத்தால் நன்றாக ஓடும்: முதலில் சிங்கக் கதை, பத்து நிமிடம்தான் ஆகும், எல்லோருக்கும் வாய் திறக்கும். அடுத்த அமர்வில் ஃபாஸ்டஸ். பிறகு ஃபிராங்கன்ஸ்டைனுக்கு இரண்டு அமர்வு; முதலாவதில் 10ஆம் அத்தியாயம் வரை, இரண்டாவதில் மிச்சம். உருவம் தன் கதையைத் தானே சொல்லும் 11 முதல் 16 வரையான அத்தியாயங்களைப் படிக்காமல் வருபவர்களால்தான் பேச்சு கெடும். அவர்களுக்கு அது பூதக் கதையாகவே நின்றுவிடும். ஜெகிலும் யவக்ரீதனும் ஒரே நாளில். இன்னொரு தொல்லை, பத்தாவது நிமிடத்தில் யாராவது செயற்கை நுண்ணறிவு என்பார். அதோடு புத்தகம் மூடப்பட்டு அலுவலகம் திறக்கப்படும். கடைசி அரைமணிக்கு ஒத்திவைத்துவிடுங்கள். அல்சூர் பக்கம் கூடுவதானால், ஒயிட்ஃபீல்டிலிருந்து வருபவர்கள் மெட்ரோ பர்ப்பிள் லைனில் ஹலசூரு வந்து இறங்கலாம். காரில் வந்தால் முதல் அங்கம் போய்விடும்.

முடிக்க ஏற்றது ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் கலிலியோ நாடகம். 1938–39இல் எழுதிய முதல் வடிவத்தில் கலிலியோ தந்திரசாலி. பயந்த மாதிரி திருச்சபைக்குப் பணிந்துவிட்டு, ரகசியமாக நூலை எழுதி வெளியே அனுப்பி வைக்கிறார். 1945இல் ஹிரோஷிமா. 1947இல் அமெரிக்காவில் நடிகர் சார்லஸ் லாட்டனோடு சேர்ந்து செய்த வடிவத்தில் அதே கலிலியோ தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். அதற்கும் பின்னால் வந்த ஜெர்மன் வடிவத்தில், எதற்கும் கூலிக்குக் கிடைக்கும் கண்டுபிடிப்புக் குள்ளர்களின் இனம் ஒன்றைத்தான் இனி எதிர்பார்க்க முடியும் என்கிறார். நூல் அதேதான், அனுப்பிய வழியும் அதேதான், தீர்ப்பு மட்டும் தலைகீழ். அந்தக் கடைசி வடிவத்தின் 14ஆம் காட்சியை வாசிக்க இரண்டு நல்ல குரல்கள் போதும். கலிலியோவின் மாணவன் ஆண்ட்ரியாவுக்கு வட்டத்திலேயே வயதில் சின்னவரைப் போடுங்கள். குரு தந்திரமாகத்தான் பணிந்தார் என்று அவன் உற்சாகமாக நியாயப்படுத்தும் வரிகளை அவசரப்படாமல் முழுசாக வாசிக்க விடுங்கள். கலிலியோ மறுப்பதற்கு முன் கேட்பவர்களில் பாதிப்பேராவது அவன் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.